பிரீமியமா, ஸ்பெஷலா, சிறப்பா? வடசென்னையில் கடைப் பலகைக்கு எந்தச் சொல் தாங்கும்

கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஷட்டருக்குப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. போர்டுக்காரர் டேப் பிடித்து அளவு எடுத்து முடித்ததும் கேட்கிறார்: “பேருக்கு முன்னாடி என்னா போடலாம் சார், ராயலா, பிரீமியமா?” வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் பாதிப் பலகைகள் இந்த ஒரு நிமிடத்தில் முடிவாகின்றன. அந்தச் சொல்லுக்கு அடுத்த ஐந்தாறு வருடம் கரன்ட் பில் கட்டப்போவது கடைக்காரர். எனவே ஒரு டீ குடிக்கும் நேரமாவது அதற்குச் செலவு செய்யலாம்.

“நம்ம கடை சாதாரணக் கடை இல்லை” என்று சொல்ல ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்பெஷல், டீலக்ஸ் மாதிரி, சாதாரணத்துக்கு மேலே ஒரு படி காட்டும் ஆங்கிலச் சொற்கள். இரண்டு, பிரீமியம், எலைட், லக்சுரி மாதிரி மினுக்கும் ஆங்கிலச் சொற்கள். மூன்று, உயர்தர, சிறப்பு, அசல் என்ற தமிழ்ச் சொற்கள். நான்கு, செம, மாஸ், வேற லெவல் என்று வாயில் புழங்குபவை. ஐந்தாவது, புகழ்ச்சொல்லே இல்லாமல் பெயர், பொருள், இடம், வருடம் மட்டும் போடுவது.

இவற்றை ஒப்பிடத் தமிழா ஆங்கிலமா என்ற கேள்வி அதிகம் உதவாது. கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் கண்ணாலோ கையாலோ சரிபார்க்கக்கூடிய ஒரு வித்தியாசத்தை அந்தச் சொல் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வடசென்னை வீடுகளில் தினம் புழங்கும் உதாரணமே இருக்கிறது: நல்ல தண்ணி. அது பாராட்டு இல்லை. போர் தண்ணி உப்புக் கரிக்கும், லாரியிலோ குழாயிலோ வருவது குடிக்க ஆகும். ஒரு மடக்கில் தெரிந்துவிடும். நல்லெண்ணெயில் இருக்கும் ‘நல்’ என்பதும் ஒரு காலத்தில் புகழ்ச்சொல்தான், இன்று எண்ணெயின் பெயரோடு கரைந்துவிட்டது. இப்படி ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்ட சொல் நிற்கும். ஒட்டாதது அடுத்த பெயிண்டில் போய்விடும்.

படி காட்டும் சொற்கள்

ஆங்கிலப் புகழ்ச்சொற்களில் தமிழில் நிஜமாக உழைப்பவை இவைதான். காரணம், இவற்றுக்குப் பின்னால் ஏதோ ஓர் எண்ணிக்கை இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர் வழியாகப் போகும் ரயிலில் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்று எழுதியிருந்தால் அதற்குக் கணக்கு உண்டு: அகலப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கி.மீ. வர வேண்டும், டிக்கெட்டில் தனிக் கூடுதல் கட்டணமும் உண்டு. ரயில்வே அதையே தமிழில் ‘அதிவிரைவு’ என்கிறது, கணக்கு மாறுவதில்லை.

மாநகரப் பேருந்தில் ‘டீலக்ஸ்’ இன்னும் நல்ல பாடம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசப் பயணம். அதிலிருந்து தண்டையார்பேட்டை நிறுத்தத்தில் “டீலக்ஸ் வருது” என்றால் அதற்கு அர்த்தம் “டிக்கெட் எடுக்கணும், அடுத்த ஒயிட் போர்டு வரட்டும்” என்பதுதான். சொகுசு என்ற பொருள் பின்னுக்குப் போய், காசு என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். படிச்சொல் வாடிக்கையாளர் காதில் முதலில் விலையாகத்தான் விழும். விலைக்குத் தகுந்த பொருள் தட்டில் இருந்தால் சொல் பிழைக்கும்.

அரிசி மண்டியில் ‘டீலக்ஸ் பொன்னி’ சொன்னால் கை நீட்டி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்கள். குருணை எவ்வளவு, மணி எவ்வளவு மெலிசு, நிறம் எப்படி என்று உள்ளங்கையிலேயே தீர்ப்பு. அதே வித்தியாசத்துக்கு நெல் கொள்முதலில் தமிழ்ச் சொல்லே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஏ கிரேடு’ என்பதைத் தமிழில் ‘சன்ன ரகம்’ என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஏ கிரேடு’ சொல்பவரை நம்பச் சொல்கிறது, ‘சன்னம்’ மணியைப் பார்க்கச் சொல்கிறது. தமிழ் ஜெயிக்கிற இடம் இது.

‘ஸ்பெஷல்’ தோற்காத இடம் டீக்கடையும் பிரியாணிக் கடையும். ஸ்பெஷல் டீ என்றால் பால் தூக்கலாக, டிகாஷன் புதுசாக. ஸ்பெஷல் பிரியாணி என்றால் ஒரு பீஸ் கூட, அல்லது முட்டை. இதைச் ‘சிறப்பு’ என்று மாற்றியவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்பதற்கு ஓர் இலக்கணக் காரணமும் உண்டு. ‘சிறப்பு’ வந்தால் அடுத்த சொல்லில் வல்லினம் மிகும்: சிறப்புத் தோசை, சிறப்புப் பிரியாணி, சிறப்புச் சாப்பாடு. பொருளுக்குப் பொருள் ஒற்று மாறும். ஒற்றைப் போடாவிட்டால் தமிழாசிரியர் யாராவது நின்று பார்த்துச் சிரிப்பார். ‘ஸ்பெஷல்’ எதன் முன்னாலும் அப்படியே உட்காரும். விலைப்பட்டியல் எழுதுகிறவருக்கு இது சின்ன வசதி இல்லை.

இந்தச் சொல் எங்கே கெடுகிறது? முட்டை விலை ஏறும்போது கெடுகிறது. பல கடைகளில் முதலில் முட்டை போகும், பிறகு கூடுதல் பீஸ் சின்னதாகும், ஆனால் ‘ஸ்பெஷல்’ என்ற பெயரும் விலையும் அப்படியே நிற்கும். மூன்றாவது முறை பார்சலைப் பிரிக்கும்போது வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பட்டியலிலேயே கணக்கை எழுதிவிடுவது நல்லது: “ஸ்பெஷல்: பீஸ் 3, முட்டை 1” என்று. குறைக்க நேர்ந்தால் எண்ணையும் விலையையும் சேர்த்துக் குறையுங்கள். எழுதிய எண் மாறுவதை மன்னிப்பார்கள். எண்ணே எழுதாமல் தட்டில் குறைப்பதை மன்னிக்க மாட்டார்கள்.

‘ஃபேன்ஸி’ தனிக் கதை. அது தரத்தைக் குறிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. ஃபேன்ஸி ஸ்டோர் என்றால் வளையல், கிளிப், பொட்டு, நெயில் பாலிஷ். பட்டாசுக் கடையில் ஃபேன்ஸி என்றால் வானத்தில் போய் வெடிப்பது. வளையல் கடை வைத்தால் தயங்காமல் போடுங்கள், வேறு எதற்கும் போடாதீர்கள். ‘சூப்பர்’ அதற்கு நேர்மாறாக எல்லாவற்றுக்கும் போய், வெறும் ஆமாம்போலத் தேய்ந்துவிட்டது. “நாளைக்கு வரேன்” என்றால் “சூப்பர்” என்கிறார்கள். அந்தச் சொல்லைக் காசு கொடுத்துப் பலகையில் ஏற்றுவதில் ஒன்றும் இல்லை.

மினுக்கும் சொற்கள்

பிரீமியம், எலைட், லக்சுரி, எக்ஸ்குளூசிவ், சிக்னேச்சர், எக்ஸிகியூட்டிவ். கேட்க நன்றாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவற்றில் பல தமிழில் வேறு வேலைக்குப் போய்விட்டன.

‘பிரீமியம்’ என்றால் வடசென்னையில் ஒரு குடும்பத் தலைவிக்கு முதலில் ஞாபகம் வருவது எல்.ஐ.சி. தவணை. “பிரீமியம் கட்டிட்டியா?” என்பது வீட்டில் கேட்கும் கேள்வி. அந்தக் காதில் ‘பிரீமியம் பிரியாணி’ ஆசையைவிடக் கடைசித் தேதியைத்தான் கிளப்பும். ‘எலைட்’ டாஸ்மாக்கின் உயர்விலைக் கடைக்குப் பெயராகிவிட்டது. குழந்தைகள் துணிக்கடைக்கு எலைட் என்று பெயர் வைத்துவிட்டு, ஆட்டோக்காரர் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார் என்று யோசிப்பதில் பயனில்லை. ‘சிக்னேச்சர்’ பெரும்பாலானவர்களுக்கு பேங்க் சலானில் போடுவது. ‘எக்ஸிகியூட்டிவ்’ என்றால் டை கட்டிக்கொண்டு லோன் விற்க வருகிறவர். மீதியிருப்பதில் பல ஏற்கெனவே சாராய பாட்டிலிலும் சிகரெட் பெட்டியிலும் உட்கார்ந்திருக்கின்றன.

‘ராயல்’ கொஞ்சம் விதிவிலக்கு. நீண்ட நாளாகப் புழங்கி, வெறும் பெயராகவே கேட்கிறது. ராயபுரத்தில் அதை வைக்கிறவர்கள் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பொருத்தம் என்று நினைப்பதுண்டு. ராயபுரத்தில் இருப்பது ராஜா இல்லை, ராயப்பர். புனித பீட்டரைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைக்கும் பெயர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கட்டுமரம் ஓட்டிய மீனவர்களின் பேட்டைக்கு ஒரு மீனவத் திருத்தூதர் பெயர். ராயல் என்பதைவிட நல்ல கதைதான்.

இந்த வரிசையில் மிகவும் ஏமாற்றும் சொல் ‘எக்ஸ்பீரியன்ஸ்’. “எங்கள் சலூனில் ஒரு புது எக்ஸ்பீரியன்ஸ்”, அதைத் தமிழாக்கி “ஒரு புதிய அனுபவம்”. தமிழில் அனுபவம் வேலை செய்கிறவரிடம் இருப்பது. “முப்பது வருஷ அனுபவமுள்ள மாஸ்டர்” என்றால் உடனே புரியும். கைக்குப் பழக்கம், தவறு குறைவு என்று. வாடிக்கையாளருக்கு அனுபவம் கிடைக்கும் என்றால் வேறு மாதிரி ஒலிக்கும். “செஞ்சதுக்கு அனுபவிப்பான்” என்பதும் இதே மொழிதான். முடிவெட்டப் போனவர் ‘அனுபவம்’ பெற்றுத் திரும்பினார் என்றால் காது எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்பார்கள். எனவே அனுபவத்தைக் கடைக்காரர் பக்கம் வையுங்கள்: “20 வருட அனுபவம்” என்று, உண்மையாக இருந்தால். வாடிக்கையாளர் பக்கத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: தலைக்கு மசாஜ் 10 நிமிடம், புது பிளேடு, துவைத்த துண்டு.

மினுக்குச் சொல்லுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. கல்யாணத்துக்கு மேக்கப், ஃபோட்டோ ஸ்டுடியோ, ஜிம், வாட்ச் கடை மாதிரி வாடிக்கையாளர் இளவட்டமாகவும் விலை ஏற்கெனவே உயர்ந்ததாகவும் இருக்கும் தொழிலில் அது அறிவிப்புப் பலகை மாதிரி வேலை செய்யும்: உள்ளே விலை அதிகம், தெரிந்து வாருங்கள் என்று. மத்த இடங்களில் அது வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பும். கொடுங்கையூரில் ‘லக்சுரி சலூன்’ என்று எழுதி, கண்ணாடிக் கதவும் போட்டு, விலையை வெளியே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளே கட்டிங் சாதாரண விலையாகவே இருக்கும், ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். லக்சுரி என்று போட்டே ஆகவேண்டுமென்றால் அதற்குக் கீழே கட்டிங், ஷேவிங், ஃபேஷியல் மூன்றின் விலையாவது வெளிக்கண்ணாடியில் இருக்கட்டும்.

தமிழ்ச் சொற்கள், அவற்றின் பழைய கடன்கள்

‘உயர்தர சைவ உணவகம்’ என்ற தொடரை யாரும் இப்போது சொல் சொல்லாகப் படிப்பதில்லை. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், இட்லி தோசை கிடைக்கும் என்பதற்கு அது ஒரு முத்திரை. முத்திரையாகவே பயன்படுத்தலாம், கெடுதல் இல்லை. ‘உயர்தர’ என்பதை மட்டும் பிய்த்து ‘உயர்தர மொபைல் சர்வீஸ்’ என்றால் ஒட்டாது.

‘சிறப்பு’ கொஞ்சம் அரசாங்க வாசனை அடிக்கும்: சிறப்பு முகாம், சிறப்பு அலுவலர், சிறப்புப் பேருந்து. கோயிலில் சிறப்புத் தரிசனம் என்றால் காசு கட்டிச் சீக்கிரம் போகும் வரிசை. ஆகவே கடையில் ‘சிறப்பு’ போட்டால் கூட்டத்தோடு வரும் பண்டிகைக் காலத்துக்குப் பொருந்தும். பொங்கல் சிறப்பு விற்பனை நன்றாகவே ஓடும். நிரந்தரப் பலகையில் உயிர் இருக்காது.

‘தரமான’ பத்து வருடம் முன்பு வரை பாதுகாப்பான சொல். இன்று இளசுகள் அதைப் பார்த்ததும் ‘சம்பவம்’ என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். சிரிப்பு வந்தால் பரவாயில்லை என்ற கடைக்குப் போடலாம். ‘அசல்’ அடகுக்கடைத் தெருவில் வட்டியோடு சேர்த்துப் படிக்கப்படும். அங்கே ‘ஒரிஜினல்’ தெளிவு. ஆனால் நெய்க்கும் தேனுக்கும் ‘அசல்’ அழகாகப் பொருந்தும்.

தமிழ் நிஜமாகவே முந்தும் இடங்கள் செய்முறையைச் சொல்லும் சொற்கள். மரச்செக்கு, விறகடுப்பு, கையால் தைத்தது, ஐஸ் வைக்காத மீன். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறவரிடம் பிரீமியம் என்று சொல்லிப் பாருங்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் உள்ளே போயிருக்கக் கூடாது, அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். அவருக்குத் தேவையான ஒரே புகழ்ச்சொல் “ஐஸ் படல” என்பது. அது பொய்யானால் அங்கேயே தெரியும். செய்முறைச் சொல்லின் பலமும் ஆபத்தும் அதுதான்: விறகடுப்பு என்று எழுதிவிட்டுப் பின்பக்கம் கேஸ் சிலிண்டர் மாற்றுவதை யாராவது பார்த்தால் பலகை முழுவதும் பொய்யாகிவிடும்.

வாயில் இருப்பதை வாயிலேயே விடலாம்

செம, மாஸ், கெத்து, தாறுமாறு, வேற லெவல். இவற்றைச் சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளர். கடை தன்னைத்தானே ‘செம’ என்றால் பந்தியில் பரிமாறுகிறவரே சாப்பாட்டைப் புகழ்ந்த மாதிரி. ‘வேற லெவல்’ மட்டும் சுவாரசியமானது. ஆங்கிலச் சொல் இருந்தாலும் தொடர் முழுக்கத் தமிழ். சாதாரணத்துக்கு மேலே என்பதற்கு இதைவிடக் கச்சிதமாக இப்போது எதுவும் இல்லை. அதனாலேயே எல்லா விளம்பரத்திலும் ஏறி, சீக்கிரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஷோக்கு, ஜோர், டக்கர் என்று ஒரு காலத்தில் இதே வேலை பார்த்தவை இன்று சினிமாவில் வடசென்னைப் பேச்சைப் போலி செய்யும்போதுதான் அதிகம் கேட்கின்றன. ‘இன்னா நைனா’ வகைப் பெயர்களைத் தி.நகரில் வைத்தால் விளையாட்டு. வியாசர்பாடியில் வைத்தால் தெருக்காரர்களே முகம் சுளிப்பார்கள், நம்மள வச்சு காமெடி பண்றான் என்று. இன்ஸ்டாகிராம் ரீலுக்கும் ஒரு மாத ஃபிளெக்ஸுக்கும் இந்தச் சொற்கள் போதும். வருடக்கணக்கில் நிற்கும் எழுத்துக்கு வேண்டாம்.

புகழ்ச்சொல்லே இல்லாமல்

தெருவில் கடைகளுக்கு மக்கள் வைக்கும் பெயரைக் கவனியுங்கள்: பாய் கடை, அண்ணாச்சி கடை, பச்சை போர்டு, பாலத்துக்குக் கீழ இருக்கிறது. பலகையில் இருக்கும் பாராட்டுச் சொல்லை யாரும் வாயில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மூன்று அசைக்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள். எனவே பெயர், பொருள், இடம், தொடங்கிய வருடம் நாலும் இருந்தால் பெரும்பாலான கடைகளுக்குப் போதும். புதுக் கடைக்கு இதில் ஒரு குறை உண்டு: வருடம் போட முடியாது, பெயரை யாருக்கும் தெரியாது. அங்கேதான் ஒரு படிச்சொல்லோ செய்முறைச் சொல்லோ கைகொடுக்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி: வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோடு இரைச்சலில் நின்று போனில் கடைப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லட்டும். ‘எக்ஸ்குளூசிவ்’ எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டால் முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

பலகையில் தமிழ் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி என 5:3:2 விகிதம் என்பது நடைமுறை. ஆங்கில எழுத்தில் மட்டும் ‘பிரீமியம்’ போட்டு, தமிழைக் கடைசியில் சுண்டைக்காயாக வைத்த பலகையை மாற்றச் சொன்னால் செலவு கடைக்காரருக்குத்தான். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் எண்ணும் வாசல் பெயர்ப்பலகையில் வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதையும் எழுத வேண்டும். இவ்வளவுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதுதான் புகழ்ச்சிக்கு.

டிரேட்மார்க் பதிவு நினைத்தால் மினுக்குச் சொல் சுமைதான். 1999 வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பொருளின் தரத்தையோ வகையையோ மட்டும் சொல்லும் சொல்லைத் தனியாகப் பதிய முடியாது. ‘சூப்பர் பிரீமியம்’ என்று நீங்கள் பெயர் வைத்தால் பக்கத்துக் கடையும் வைக்கலாம், தடுக்க வழியில்லை. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள்களையும் சேவைகளையும் பிரித்து எண் கொடுத்த வகைக்கு) ₹4,500 கட்டணம். உணவகச் சேவை வகுப்பு 43, துணி வகுப்பு 25, மசாலா, டீ, காபி வகுப்பு 30. அந்தக் காசைக் கட்டும் முன் பெயரில் பாராட்டு இல்லாத பகுதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டியில் இருக்கும் பதிவகமும் அதைத்தான் பார்க்கும்.

பாக்கெட் போட்டு விற்கும் மசாலா, ஊறுகாய், தின்பண்டத்துக்கு விதி இன்னும் கறார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளில் நேச்சுரல், ஃப்ரெஷ், பியூர், ஒரிஜினல், டிரெடிஷனல் மாதிரிச் சொற்கள் பிராண்டுப் பெயரில் வந்து வாங்குகிறவரை ஏமாற்றும்படி இருந்தால், அது பெயர் மட்டுமே, உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற அறிவிப்பை 3 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் போட வேண்டும். ‘ஹோம் மேட்’ மாதிரி, வாங்குகிறவரைத் தவறாக நினைக்கவைக்கும் சொல்லைப் போடவே கூடாது. வீட்டில்தானே செய்கிறோம் என்று பெரம்பூர் மாடியிலிருந்து வற்றல் விற்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

துணிக்கடையில் இரண்டு சொற்கள். ‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ பல இடங்களில் ஏற்றுமதியில் கழித்த சரக்கைக் குறிக்கிறது. பட்டன்துளை, தையல் ஓரம், அளவுச் சீட்டு மூன்றையும் பார்த்து வாங்குகிறவருக்கு அதில் லாபமே. கழிவு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ அப்படி இல்லை. உயர்வைச் சொல்வதுபோல நடித்துப் போலியைச் சொல்லும் சொல் அது. பிறர் குறியைப் பொய்யாகப் போட்ட சரக்கை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கடைப் பலகையில் அதை எழுதுவது நீங்களே வாக்குமூலம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

டியூஷன் சென்டருக்கு ‘எக்ஸலன்ஸ்’ வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும். சிக்கல் அதன் கீழே வரும் வரியில்: “100 சதவீத வெற்றி உறுதி”. கோச்சிங் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அது பொருந்தும். உறுதி கொடுக்கும் வாசகமும் மாணவர் சம்மதம் இல்லாமல் படம் போடுவதும் அதில் மாட்டும். ஆணையம் தவறான விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கும்போது பெயர்க் கட்டத்தில் “பெஸ்ட் பிரியாணி பெரம்பூர்” என்று திணிக்க வேண்டாம். பலகையில் உள்ள பெயர் மட்டும்தான் அங்கே வரவேண்டும் என்பது அவர்கள் விதி. மீறினால் திருத்துவார்கள், சில நேரம் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்கான சொற்களை விவரப் பகுதியிலும் மெனுவிலும் வைக்கலாம்.

எழுத்து பலகையில் ஏறும்போது

தூரத்திலிருந்து நன்றாகப் படிக்க 10 அடிக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது பலகைத் தொழிலில் பொதுக் கணக்கு. எம்.சி. ரோடு மாதிரி நெருக்கமான தெருவில் எதிர்ப்பக்கம் 30 அடி என்றால் 3 அங்குலம் போதும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸிலிருந்து படிக்க 9, 10 அங்குலம் வேண்டும். அந்தக் கணக்கு ஆங்கில எழுத்தை வைத்துப் போட்டது. தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் காலும் வருவதால் வரிக்கு ஒன்றரை மடங்கு உயரம் விடாவிட்டால் நசுங்கும்.

அகலத்துக்குத் தோராயமாக ஓர் எழுத்துக்கு அதன் உயரம் அளவே வைத்துக்கொள்ளுங்கள். பத்தடிப் பலகையில் 10 அங்குல எழுத்து பதினொன்றோ பன்னிரண்டோ பிடிக்கும். ‘எக்ஸ்குளூசிவ்’ ஏழு எழுத்து. கடைப் பெயருக்கு மிஞ்சுவது நாலைந்து. ‘தனி’ என்று எழுதினால் இரண்டோடு முடியும்.

அக்ரிலிக் எழுத்து போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது புள்ளி. உள்ளே எல்.இ.டி. வைத்த எழுத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு; தனியாக ஒட்ட வேண்டும், தனியாக ஒயர் இழுக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் மெய்யெழுத்து கூடும்: எக்ஸ்குளூசிவில் மூன்று புள்ளி, ஸ்பெஷலில் இரண்டு, சிறப்பில் ஒன்று. கூலியை எழுத்து உயரத்துக்கு இவ்வளவு என்று பேசும்போது புள்ளி தனிக் கணக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடல் காற்றடிக்கும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் முதலில் கழல்வதும் அதுவே. புள்ளி விழுந்த ‘ஸ்பெஷல்’ ராத்திரியில் ‘ஸபெஷல்’ என்று எரிந்துகொண்டிருக்கும். பசையோடு பின்னால் ஒரு சின்ன போல்ட்டும் போடச் சொல்லுங்கள். பலகையின் சட்டகத்துக்கு வெறும் இரும்பு வேண்டாம், அலுமினியமோ துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ.யோ போகட்டும்.

எழுத்துக்கூட்டலையும் நீங்களே தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ப்ரீமியம்’ இல்லை, ‘பிரீமியம்’. தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்குவதில்லை, ‘ஸ்பெஷல்’ மாதிரி ஊறிப்போன சிலதுக்குக் கண் பழகிவிட்டது, அவ்வளவே. டிசைன் செய்கிறவர் பழைய எழுத்துருவில் அடித்தால் யூனிகோடில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது உடையும். கொம்பு எழுத்தின் மறுபக்கம் போய் உட்காரும். அச்சுக்குப் போகும் முன் எழுத்தைக் கர்வாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாத கோட்டு வடிவமாக) மாற்றிய படத்தை வாங்கி, சத்தமாக ஒரு முறை படியுங்கள். ஃபிளெக்ஸில் சிவப்பு வேண்டாம். மஞ்சளும் மெஜந்தாவும் கலந்து வரும் அந்தச் சிவப்புதான் வெயிலில் முதலில் வெளுக்கும். புகழ்ச்சொல்லைத்தான் எல்லாரும் சிவப்பில் போடுகிறார்கள்.

எதற்கு எது

பிரியாணிக் கடை, டீக்கடை, மெஸ்: பலகையில் பெயரும் பொருளும். விலைப்பட்டியலில் ஸ்பெஷல், எண்ணிக்கையோடு. அரிசி, எண்ணெய், மீன், மசாலா: செய்முறையும் ரகமும் சொல்லும் தமிழ்ச் சொல், இங்கே ஆங்கிலம் கட்டாயம் தோற்கும். சலூனுக்கு லக்சுரியைவிட ‘ஏசி’ என்ற இரண்டு எழுத்து அதிக ஆளைக் கொண்டுவரும், ஏனென்றால் கதவைத் திறந்ததும் தெரியும். கல்யாண மண்டபம், மினி ஹால்: ‘கிராண்ட்’ போட்டாலும் போடாவிட்டாலும் கேட்கப்போவது பந்திக்கு எத்தனை பேர், ஜெனரேட்டர் உண்டா, வண்டி எத்தனை நிற்கும், மணமகள் அறையில் பாத்ரூம் இருக்கிறதா என்பதே. அந்த நாலு பதிலையும் பலகையின் இரண்டாம் வரியாக எழுதிவிடுங்கள்.

மேக்கப், ஸ்டுடியோ, ஜிம்முக்கு மினுக்குச் சொல் வேண்டுமென்றால் வைக்கலாம். ஆனால் அதை முதன்மைச் சட்டகத்தில் ஏற்றாதீர்கள். கீழே தனிப் பட்டையாக, பெயரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், நாலு ஸ்குரூவில் நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தச் சொல் புளித்துப்போனால் ஒரு ஸ்குரூடிரைவரும் ஏணியும் போதும், மேலே உள்ள பெயரைத் தொட வேண்டியிருக்காது.